தாடி ஓணான் வளர்ப்பு – 9: வெக்கையின் வேலை

கண்ணாடிப் பெட்டி, புறஊதா விளக்கு இரண்டையும் போன வாரமே பேசி முடித்தாயிற்று. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் அந்த விளக்குக்கு ஈடாகாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்த வாரம் தீனி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் வெப்பமானியைப் பற்றி நாலு வரி எழுதலாமென்று புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு சங்கதி கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் கீரைக்கும் வெட்டுக்கிளிக்கும் போக மனம் வரவில்லை.

முட்டைக்குள் ஆணாக உருவாக வேண்டிய தாடி ஓணானை வெப்பம் பெண்ணாக மாற்றிவிடுகிறது!

இதன் கணக்கு கோழியின் கணக்குதான். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆஸ்திரேலியாவின் கான்பெரா பல்கலைக்கழகக் குழு முட்டைகளை வெவ்வேறு சூட்டில் பொரிக்க வைத்துப் பார்த்து, 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. 32 டிகிரி வரை குரோமோசோம் சொன்னதுதான் சட்டம். 34ஐத் தாண்டினால் இரண்டு இசட் உள்ள கருவும் பெண்ணாகப் பொரிகிறது. ஆய்வகத்தில்தானே என்று ஒதுக்கவும் முடியாது. 2015இல் கிளேர் ஹாலெலியும் கூட்டாளிகளும் காட்டில் பிடித்த 131 ஓணான்களைச் சோதித்தார்கள். அதில் 11 இப்படி மாறிய பெண்கள். மற்றப் பெண்களைவிட இவை முட்டையும் அதிகம் இட்டன. இவை சாதாரண ஆணோடு கூடினால் பிறக்கும் குஞ்சு எதிலும் டபிள்யூ கிடையாது. அதன்பின் ஆணா பெண்ணா என்று தீர்ப்பது மண்ணின் சூடு மட்டும்தான். ஒரே தலைமுறையில் ஒரு குரோமோசோம் வம்சத்தைவிட்டே போய்விடுகிறது. இதை நினைத்து நினைத்து எனக்கு இரண்டு இரவு தூக்கம் கெட்டது.

நம் ஆனைக்குட்டம் அணைக்கரையில், சீமைக்கருவேல வேலியில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானும் இதே அகாமிடே குடும்பம்தான். மழைக்குப் பின் மண் இளகியதும் பெண் ஓணான் குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொள்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவு இன்னும் விசித்திரம்: சூடு ஏற ஏற முதலில் பெண், பிறகு ஆண், மறுபடி பெண், மறுபடி ஆண்!

இந்த அதிசயத்தைத்தான் நம் பையன்கள் கல்லால் அடிக்கிறார்கள். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எத்தனை தலைமுறை சுருக்குப் போட்டுப் பிடித்துக் கொன்றிருக்கிறது! உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையோடு இந்த முட்டைக் கதையையும் சொல்லுங்கள்.

சரி, வெப்பமானி. ஒன்று போதாது, இரண்டு வேண்டும். விளக்கின் அடியில் குளிர்காயும் கல்லில் 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். எதிர்மூலையில் 25, 26. வெளிநாட்டுப் புத்தகங்கள் பெட்டியைச் சூடாக்குவதற்கே பக்கம் பக்கமாக வழி சொல்கின்றன. கந்தக பூமியில் நம் பாடு நேரெதிர். சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே வெக்கை 36, 37க்குப் போய்விடும். அப்போது குளிர்ந்த மூலையே இல்லாமல் போகிறது. பகலில் சூட்டு விளக்கை அணையுங்கள், பெட்டியைத் தரைக்கு இறக்குங்கள். கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைக்கவே கூடாது. வாயைப் பிளந்துகொண்டு சூட்டுக் கல்லில் சற்று நேரம் கிடந்தால் பயமில்லை; குளிர்ந்த மூலைக்கு வந்தும் வாய் மூடவில்லையென்றால் உடனே அறையைக் குளிரவையுங்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்திரேலியா தன் காட்டு ஓணான்களை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் அடைபட்டுக் கிடந்தன. அந்த வழியில் வரும் உயிர் எதையும் வாங்காதீர்கள். வாங்குவோர் இருப்பதால்தான் பெட்டிகள் வருகின்றன.

தீனி அடுத்த வாரம், கட்டாயம். அதுவரை ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ராத்திரி வீட்டுக்குள் வரும் மின்மினிப் பூச்சியைப் பிடித்துப் போட்டுவிடாதீர்கள். அதன் உடம்பில் இருக்கும் விஷம் இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு பூச்சியால் தாடி ஓணான் செத்திருக்கிறது.