சொல்லும் சொல்பவரும்: சார்லஸ் கில்பினின் நாடக வாழ்வில் எழுந்த ஒரு மொழிச் சிக்கல்

1. முன்னுரை

நாடகப் பனுவல் இருமுறை பிறக்கிறது. ஆசிரியர் எழுதும்போது ஒருமுறையும் நடிகர் ஒலிக்கும்போது மறுமுறையும் அது உருப்பெறுகிறது. எழுதப்பட்ட சொல்லும் ஒலிக்கப்பட்ட சொல்லும் ஒன்றே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு கொள்ள இயலாத சூழல்களும் உண்டு. ஒருவரது இனத்தையே இழித்துரைக்கும் சொல்லை அவரது வாயாலேயே நாள்தோறும் ஒலிக்கச் செய்யும்போது, அச்சொல்லுக்கு உரியவர் யார், பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. அமெரிக்க நடிகர் சார்லஸ் எஸ். கில்பின் (1878–1930) வாழ்வில் இவ்வினாக்கள் எழுந்த முறையையும், அவை மொழிபெயர்ப்பாளருக்கு உணர்த்தும் செய்திகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. நடிகரின் மொழிப் பயிற்சி

கில்பின் 1878ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டு, கறுப்பின மக்களின் செய்தித்தாளான ‘ரிச்மண்ட் பிளானெட்’ அச்சகத்தில் தொழில் பழகினார். பின்னர் ஊர் ஊராகச் செல்லும் ஆடல்பாடல் குழுக்களில் சேர்ந்தார். மேடை வருவாய் போதாத காலங்களில் அச்சுத் தொழிலையும் மின்தூக்கி இயக்கும் பணியையும் மேற்கொண்டு வாழ்ந்தார்.

அவர் பழகிய மேடைகள் மூவகை மொழிநடைகளைக் கோரின. முதலாவது, கறுப்பினத்தாரை நகைப்புக்குரியவராகக் காட்டிய ஆடல்பாடல் மேடையின் செயற்கைக் கிளைமொழி. இரண்டாவது, கறுப்பினத்தார் தமக்கென அமைத்துக்கொண்ட அரங்குகளின் பொதுமொழி. சிகாகோவின் பெக்கின் அரங்கும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இயங்கிய லஃபயெட் நாடகக் குழுவும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. லஃபயெட் குழுவினர் பிராட்வே நாடகங்களைத் தம் மக்கள்முன் செந்தர ஆங்கிலத்தில் நடித்தனர். கில்பின் அக்குழுவின் தொடக்க காலத்தில் முன்னணி நடிகராக விளங்கினார்.

மூன்றாவது, வெள்ளை ஆசிரியர் தம் கற்பனையில் படைத்துக்கொண்ட ‘கறுப்பர் மொழி’. 1919 டிசம்பரில் பிராட்வேயின் கார்ட் அரங்கில் அரங்கேறிய ‘ஆபிரகாம் லிங்கன்’ நாடகத்தில் கில்பின் வில்லியம் கஸ்டிஸ் என்னும் கறுப்பினச் சமய போதகராக நடித்தார். நாடகத்தை எழுதிய ஜான் டிரிங்க்வாட்டர் ஆங்கிலேயர். ஃபிரெடரிக் டக்ளசை நினைவூட்டும் இப்பாத்திரத்திற்கு அவர் இலக்கணம் குன்றிய, துண்டுதுண்டான ஆங்கிலத்தை அளித்தார். டக்ளசோ 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றாலும் மேடைச் சொற்பொழிவுகளாலும் ஆங்கில உரைநடையில் புகழ் ஈட்டியவர். ஒருவர் எவ்வாறு பேசினார் என்பதை நோக்காமல், அவர் சார்ந்த இனம் எவ்வாறு பேசும் என்று கேட்போர் எதிர்பார்க்கின்றனரோ அதையே மேடைக் கிளைமொழி ஒலிக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

3. ‘எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்தின் மொழி

1920 நவம்பரில் பிராவின்ஸ்டவுன் நாடகக் குழு, யூஜின் ஓநீலின் ‘எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்தை நியூயார்க்கின் மக்டூகல் தெருவிலிருந்த தன் சிற்றரங்கில் மேடையேற்றியது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினப் பாத்திரங்களை நடிப்பதே அக்கால வழக்கமாக இருந்தது. இக்குழுவினர் அவ்வழக்கத்தைக் கைவிட்டுக் கில்பினைத் தலைமைப் பாத்திரத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். நாடகம் சில வாரங்களிலேயே பிராட்வே பகுதிக்கு மாற்றப்பட்டு 200க்கும் மேற்பட்ட காட்சிகளைக் கண்டது. பின்னர் வெளியூர்ப் பயணமும் தொடர்ந்தது.

புரூட்டஸ் ஜோன்ஸ் புல்மன் இரயில் பெட்டிகளில் ஏவலனாக இருந்தவன்; கொலைக் குற்றத்திற்காகச் சிறைப்பட்டுத் தப்பியவன்; மேற்கிந்தியத் தீவு ஒன்றில் தன்னையே பேரரசனாக்கிக் கொண்டவன். நாடகம் எட்டுக் காட்சிகளைக் கொண்டது. இரண்டாம் காட்சி முதல் ஏழாம் காட்சி வரை காட்டில் ஓடும் ஜோன்ஸின் தனிமொழியே பெரும்பகுதி. எனவே இந்நாடகத்தின் மொழிச்சுமை ஏறத்தாழ முழுவதும் ஒரே நடிகரின் குரலில் தங்கியுள்ளது.

ஓநீல் இரு கிளைமொழிகளை எழுத்துக்கூட்டல் வழி வேறுபடுத்துகிறார். ஜோன்ஸின் பேச்சில் சொல் முதலில் வரும் ஒலிப்புடைப் பல்லிட உரசொலி, டகர வெடிப்பொலியாக எழுதப்படுகிறது. சொல்லிறுதி ரகரம் மறைகிறது. வெள்ளை வணிகனான ஸ்மிதர்சின் பேச்சில் சொல் முதல் ஹகரம் கெடுகிறது. இது இலண்டன் உழைக்கும் மக்களின் காக்னி வழக்கு. மொழித்தர ஏணியில் இருவருமே கீழ்ப்படியில் நிற்கின்றனர். ஆயினும் முதற்காட்சியில் ஜோன்ஸ் ஸ்மிதர்சை மரியாதையாகப் பேசுமாறு பணிக்கிறான். இருவரிடையே உள்ள அதிகாரப் போட்டி, பேசும் முறை பற்றிய போட்டியாகவே வெளிப்படுகிறது.

ஈண்டு ‘கண்வழக்கு’ என்னும் கருத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஜார்ஜ் ஃபிலிப் கிராப் என்னும் அறிஞர் 1925இல் இதற்கு ஆங்கிலக் கலைச்சொல் வகுத்தார். எல்லாரும் ஒரே வகையாக ஒலிக்கும் சொல்லைப் பிழையான எழுத்துக்கூட்டலில் எழுதி, பேசுபவர் கல்வியற்றவர் என்று வாசகரின் கண்ணுக்கு மட்டும் உணர்த்துவதே கண்வழக்கு. செவிக்கு அதனால் எவ்வேறுபாடும் இல்லை. எனவே அச்சில் காணும் இழிவு முழுவதும் அப்படியே மேடை ஏறுவதில்லை. எழுத்துக்கூட்டலில் ஒலிப்புக்குரியது எது, ஏளனத்திற்குரியது எது எனப் பிரித்தறியும் பொறுப்பு நடிகரிடம் வந்து சேர்கிறது.

4. சொல் மாற்றம்

கறுப்பினத்தாரை இழித்துக் கூறும் வசைச்சொல் இந்நாடகத்தில் பலமுறை வருகிறது. ஸ்மிதர்சும் அதனைப் பயன்படுத்துகிறான். தீவு மக்களை இகழும்போது ஜோன்சும் பயன்படுத்துகிறான். காட்சிகள் தொடர்ந்து நடைபெற்றபோது, கில்பின் அச்சொல்லைத் தவிர்த்து ‘நீக்ரோ’, ‘நிறத்தவர்’ என்னும் பொருள்படும் சொற்களை அவ்விடங்களில் ஒலிக்கலானார். ஓநீல் இதனைக் கடுமையாக எதிர்த்தார். தம் பனுவலை நடிகர் திருத்தி எழுதுவதாக அவர் கருதினார். கில்பினின் குடிப்பழக்கம் பற்றிய குறைகளும் இப்பூசலில் கலந்திருந்தன. 1924இல் நாடகம் நியூயார்க்கில் மீண்டும் மேடையேறியபோதும், 1925இல் இலண்டனில் அரங்கேறியபோதும் ஜோன்ஸாக நடித்தவர் பால் ராப்சன்.

இருதரப்பு நியாயங்களையும் மொழியியல் நோக்கில் நிறுத்துப் பார்த்தல் தகும். ஜோன்ஸ் தன் இனத்தாரையே அச்சொல்லால் இகழ்வது, வெள்ளையரின் மதிப்பீட்டை அவன் உள்வாங்கிக்கொண்டதன் அடையாளம். காட்டில் அவனுடைய போலிப் பெருமை படிப்படியாக உதிர்வதே நாடகத்தின் கரு. அச்சொல்லை நீக்கினால் பாத்திரத்தின் உட்பிளவு மங்கும். இது ஆசிரியர் பக்கத்து வாதம்.

நடிகர் பக்கத்து வாதமும் வலிமையானதே. மேடையில் நடிகர் கூறும் கூற்று ஒரு தனிவகையில் வெறுமையுறுவது என்றார் மெய்யியலார் ஜே. எல். ஆஸ்டின். மேடையில் அளிக்கப்பட்ட வாக்குறுதி எவரையும் கட்டுப்படுத்துவதில்லை என்பது உண்மையே. ஆனால் வசைச்சொல் வாக்குறுதி போன்றதன்று. மேற்கோளாகக் கூறினும், எதிர்மறையில் கூறினும், பாத்திரத்தின் கூற்றாகக் கூறினும் அதன் கடுமை முற்றிலும் நீங்குவதில்லை. பெரும்பாலும் வெள்ளையர் நிறைந்த அவையில் அச்சொல் ஜோன்ஸின் வாயிலிருந்து மட்டும் வெளிப்படவில்லை. கில்பினின் வாயிலிருந்தும் வெளிப்பட்டது. அரங்கை விட்டுத் தெருவில் இறங்கியதும் அதே சொல் அவரையே குறிக்கக்கூடியது.

எர்விங் காஃப்மன் பேசுபவர் என்னும் ஒற்றைக் கருத்தை மூன்றாகப் பகுத்தார். ஒலியை எழுப்புபவர், சொற்களைத் தேர்ந்து அமைப்பவர், அச்சொற்களின் கருத்துக்குப் பொறுப்பேற்பவர் என்பன அவை. ‘எம்பரர் ஜோன்ஸ்’ மேடையில் ஒலித்தவர் கில்பின், அமைத்தவர் ஓநீல். பொறுப்பேற்பவர் ஜோன்ஸ் என்னும் கற்பனை மனிதன் என்பது நாடக மரபு. கில்பின் அந்த மரபை ஒரேயொரு சொல்லின் அளவில் ஏற்க மறுத்தார். ஏனைய சொற்கள் அனைத்தையும் ஓநீலுடையவையாகவே அவர் ஒலித்தார். அவ்வாறு ஒலித்த திறத்தினால்தான் நாடகம் வெற்றி கண்டது.

5. மதிப்பும் மறுப்பும்

1921இல் நியூயார்க் நாடகக் கழகம் அவ்வாண்டு அமெரிக்க நாடகத்திற்குப் பெருந்தொண்டு ஆற்றிய பதின்மருள் ஒருவராகக் கில்பினைத் தேர்ந்தது. ஆயினும் கறுப்பினத்தவரைப் பாராட்டு விருந்துக்கு அழைப்பதா என்னும் எதிர்ப்பு எழுந்தது. ஓநீல் உள்ளிட்ட நாடகத் துறையினர் இவ்வெதிர்ப்பைக் கண்டித்தனர். இறுதியில் கில்பின் அழைக்கப்பட்டு விருந்தில் கலந்துகொண்டார். அதே ஆண்டில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் வழங்கியது. விருந்துக்கு அவரை அழைக்க வேண்டும் என்று வாதிட்ட ஆசிரியரே, தம் பனுவலில் ஒரு சொல்லை அவர் மாற்றுவதை ஏற்கவில்லை என்பது கருதத்தக்கது.

1926இல் கில்பின் ஜோன்ஸாக மீண்டும் மேடையேறினார். பின்னர்க் குரல் நலிந்து நடிப்பைக் கைவிட நேர்ந்தது. 1930ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் மறைந்தார். 1946இல் ஓநீல், தாம் மனத்தில் கொண்டிருந்த பாத்திரத்தை முழுமையாக மேடையில் நிறைவேற்றிய ஒரே நடிகர் கில்பினே என்று கூறினார்.

6. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

இந்நாடகத்தைத் தமிழில் பெயர்ப்பவர் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும்.

முதலாவது, கிளைமொழி பற்றியது. ஜோன்ஸின் பேச்சைத் தமிழின் ஒரு வட்டார வழக்கிலோ ஒரு சமூகத்தாரின் வழக்கிலோ அமைத்தால், அவ்வழக்கைப் பேசுவோர் மீது மூலத்தில் இல்லாத ஓர் அடையாளம் சுமத்தப்படும். கண்வழக்கை எழுத்துப் பிழையாகப் பெயர்ப்பது ஏளனத்தை மட்டுமே கொண்டுசேர்க்கும். மாறாக, தமிழின் முன்னிலைப் பெயர்களும் வினைமுற்று விகுதிகளும் மதிப்பையும் இகழ்ச்சியையும் நுட்பமாக உணர்த்த வல்லவை. ‘நீ’ என்பதிலிருந்து ‘நீங்கள்’ என்பதற்கு ஸ்மிதர்ஸ் மாறும் இடத்திலும், மீண்டும் நழுவும் இடத்திலும் அதிகாரப் போட்டி தெளிவாக விளங்கும்.

இரண்டாவது, வசைச்சொல் பற்றியது. கில்பின் செய்தது இடக்கரடக்கல் அன்று. இடக்கரடக்கல் அவையில் கூறத்தகாத பொருளை வேறு சொல்லால் மறைக்கிறது. இங்கோ பொருளில் தகாமை இல்லை, சுட்டப்படுவோர் மனிதரே. தகாமை சொல்லின் பகைமையில் உள்ளது. அவ்வசைச்சொல்லும் ‘நீக்ரோ’ என்பதும் கருமையைக் குறிக்கும் ஒரே இலத்தீன் அடியிலிருந்து கிளைத்தவை. வேர் ஒன்றாயினும் வழக்கு வேறு. ‘கறுப்பன்’ என்னும் நிறப்பெயரை இருவகை இடங்களிலும் இட்டு நிரப்பினால், கில்பின் போராடிய வேறுபாடே தமிழில் இல்லாமற் போகும்.

மூன்றாவது, சொல்லின் காலம் பற்றியது. கில்பின் மதிப்புடையதாகத் தேர்ந்த ‘நீக்ரோ’ என்னும் சொல், 1960களுக்குப் பின் படிப்படியாக வழக்கிழந்து, இன்று தவிர்க்கப்படுகிறது. அவர் காலத்தில் அச்சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும் என்பதே ஒரு கோரிக்கையாக இருந்தது. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழ் அதனை 1930 மார்ச்சில்தான் ஏற்றது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடற்ற தமிழில் இவ்வரலாற்றைப் பனுவலுக்குள் காட்ட வழியில்லை. மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையே அதற்குரிய இடம்.

7. முடிவுரை

ஒரு சொல்லை மாற்றியமைக்காகக் கில்பின் தம் புகழுக்குக் காரணமான பாத்திரத்தையே பிறரிடம் இழந்தார். அவரது மாற்றங்கள் அச்சிட்ட பனுவலில் இடம்பெறவில்லை. ஓநீலின் சொற்களே இன்றும் படிக்கப்படுகின்றன. எனினும் அப்பனுவலை மொழிபெயர்ப்பவர், ஒலித்தவர் ஒருவர் அதில் ஒரு சொல்லை மறுத்தார் என்பதையும் பனுவலின் வரலாறாகவே கொள்ள வேண்டும். மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்பது எழுதியவருக்கு மட்டும் உண்மையாயிருத்தலா, ஒலித்தவருக்கும் உண்மையாயிருத்தலா என்னும் வினாவை அம்மறுப்பு நம்முன் வைக்கிறது. நாடகம் பெயர்ப்போர் ஒவ்வொருவரும் தம் முதல் வரியை எழுதுமுன் இதற்கு விடை காண வேண்டியவராவர்.