புற ஊதாக் கதிர் எச்சரிக்கையும் தோல் புற்றுநோயும்: மாநிறத்தவர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கோடைக்காலத்தில் வெப்பநிலையுடன் புற ஊதாக் கதிர்க் குறியீட்டையும் வெளியிட்டு வருகிறது. குறியீடு 6 அல்லது 7 ஆக இருந்தால் மஞ்சள், 8 முதல் 10 வரை ஆரஞ்சு, 11-ஐ எட்டினால் சிவப்பு என எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. 2025 மார்ச் மாதத்தில் மூணாறு உள்ளிட்ட இடங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

குளிர்ந்த மலைப்பகுதியான மூணாறுக்கு இந்த எச்சரிக்கை ஏன் என்ற கேள்வி எழலாம். புற ஊதாக் கதிர்கள் வெப்பத்தைப் போல உடலால் உணரப்படுவதில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் இவற்றின் அளவு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. மேகமூட்டமான நாளிலும் இவை ஊடுருவும். கடற்கரை மணலும் கடல் நுரையும் இவற்றை எதிரொளிக்கும் என்பதால் விழிஞ்ஞம், பூந்துறை போன்ற கரையோர மீனவர்கள் கூடுதல் பாதிப்புக்கு உள்ளாகின்றனர்.

நிறம் தரும் காப்பு எவ்வளவு?

புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களில் உள்ள மரபணுப் பொருளைச் சிதைக்கின்றன. பல ஆண்டுகளாகச் சேரும் இச்சிதைவு புற்றுநோயாக மாறக்கூடும். மாநிறத் தோலில் மிகுந்துள்ள மெலனின் என்னும் நிறமி இக்கதிர்களைப் பெருமளவு தடுப்பதால், மேலை நாடுகளுடன் ஒப்பிடுகையில் இந்தியாவில் தோல் புற்றுநோய் மிகவும் குறைவு.

எனினும், "நமக்கு வராது" என்ற எண்ணமே நோயைக் காலம் தாழ்த்திக் கண்டறியக் காரணமாகிறது. மாநிறத்தவருக்கு இந்நோய் வெயில் படாத இடங்களிலும் தோன்றுகிறது. மிகக் கொடிய வகையான மெலனோமா, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் உருவாகலாம். ஜமைக்கா இசைக் கலைஞர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தின் அடியில் 1977-இல் கண்டறியப்பட்டது இவ்வகையே. நோய் பரவி 1981-இல் தமது 36-ஆம் வயதில் அவர் காலமானார்.

பழைய தீக்காயத் தழும்புகளிலும் நாட்பட்ட புண்களிலும் மற்றொரு வகைப் புற்றுநோய் தோன்றக்கூடும். வேட்டி, புடவையை இடுப்பில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் உராய்வு ஏற்படும் இடத்திலும், காஷ்மீரில் கணப்புச் சட்டியான காங்கிரியை ஆடைக்குள் வைத்துக் குளிர்காய்வோரின் வயிறு, தொடைப் பகுதிகளிலும் அரிதாக இந்நோய் பதிவாகியுள்ளது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திராமை, ஒழுங்கற்ற விளிம்பு, ஒரே மச்சத்தில் பல நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், நாளடைவில் வடிவமோ அளவோ மாறுதல் ஆகியன மெலனோமாவின் அடையாளங்கள். நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு, நான்கு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், அடிக்கடி இரத்தம் கசியும் கட்டி ஆகியவற்றையும் புறக்கணித்தலாகாது.

இத்தகைய மாற்றங்கள் அனைத்தும் புற்றுநோயாக இருக்க வேண்டியதில்லை. சிறு திசுவை எடுத்துச் செய்யப்படும் பரிசோதனையே அதனை உறுதி செய்யும். தொடக்க நிலையில் கண்டறியப்படும் தோல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றை அறுவை சிகிச்சையால் குணப்படுத்த இயலும். முதலில் அருகிலுள்ள தோல் மருத்துவரை அணுகலாம். உயர் சிகிச்சைக்கு, 1981-இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது.

தற்காப்பு வழிகள்

காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நேரடி வெயிலைத் தவிர்ப்பது முதன்மையான தற்காப்பாகும். கேரளத் தொழிலாளர் துறையும் கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளித் தொழிலாளர்களுக்கு ஓய்வளிக்கும் வகையில் வேலை நேரத்தை மாற்றியமைக்கிறது. வெளியே செல்ல நேர்ந்தால் குடை, அகன்ற விளிம்புடைய தொப்பி, முழுக்கைப் பருத்தி ஆடை ஆகியவை உதவும். சன்ஸ்கிரீன் பயன்படுத்துவோர் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதைத் தேர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். பிறவியிலேயே நிறமி குறைந்தவர்களுக்கு இக்காப்பு இன்றியமையாதது.

மாதம் ஒருமுறை எண்ணெய்க் குளியலின்போது உள்ளங்கால், விரல் இடுக்கு, நகங்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதும், முதுகை வீட்டிலுள்ள ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்வதும் செலவில்லாத பரிசோதனையாகும்.