தள்ளாட்டம்னா 'தண்ணி' மட்டும்தானா?

மட்ட மத்தியானம். டீஸன்ட்டாக டிரெஸ் பண்ணின ஆசாமி ஒருவர், பிளாட்பாரத்தில் கம்பத்துக்குக் கம்பம் பிடித்துக்கொண்டு தள்ளாடி வருகிறார். நாம் என்ன சொல்வோம்? ''பகல்லயே ஆரம்பிச்சுட்டான்யா!''

ஒரு சொட்டுகூடத் தொடாதவராக இருக்கலாம், ஸார். அவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இருக்கலாம்.

1868-ல் பாரீஸ் டாக்டர் ஷார்கோ விவரமாக எழுதி வைத்த வியாதி இது. ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கு 'மயலின்' என்று ஓர் உறை உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைக் கடித்துக் குதறிவிடுகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை! மூளை போடும் உத்தரவு காலுக்கு லேட்டாகப் போகிறது. சில சமயம் போவதே இல்லை. பெரும்பாலும் 20-லிருந்து 40 வயசுக்குள் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடும். தொடை கட்டையாக விறைக்கும். செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் மரத்துப் போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி ஆபீஸ் போகிறவர். ''காலைல மாடிப்படி ஏறினவ, சாயங்காலம் லிஃப்ட் கேட்டா நடிக்கிறான்னு பேசறாங்க சார்'' என்றார்.

பி.காம். படித்தவன் பாஷையில் சொல்கிறேன். தினமும் காலையில் எல்லார் கணக்கிலும் நூறு ரூபாய் விழுகிறது. பஸ் ஸ்டாப் வரை நடக்க நமக்கு ஒரு ரூபாய் செலவு; அவருக்கு இருபது. சாயங்காலம் பேலன்ஸ் பூஜ்யம். ஓவர்டிராஃப்ட்டும் கிடையாது!

வெயில் இன்னொரு வில்லன். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே, உறை போன நரம்பு மக்கர் பண்ணும். ஸ்கேன் வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே இந்த வியாதியைச் சோதித்தார்கள். நம்மூர் அக்னி நட்சத்திரத்துக்குத் தொட்டி எதற்கு? நல்ல வேளை, உடம்பு குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பிசியோதெரபி, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட், விறைப்புக்கு மாத்திரை எல்லாம் உண்டு. நடை வேகத்தைக் கூட்டும் டால்ஃபாம்பிரிடின் மாத்திரைக்கு அமெரிக்கா 2010-ல் அனுமதி கொடுத்தது. எல்லாருக்கும் கேட்காது, வலிப்பு வந்தவர்களுக்குக் கூடவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட எளிய வைத்தியம் கைத்தடி. பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஆனால், ''இந்த வயசுல தடியா?'' என்று பலரும் கூசுகிறார்கள். மூக்குக் கண்ணாடி மாட்ட யாராவது கூசுகிறோமா? அந்தப் பெண்மணியும் ஒரு வருஷம் தயங்கிவிட்டுத்தான் வாங்கினார்.

''இப்ப யாரும் நடிக்கிறேன்னு சொல்றதில்லை. பாதித் தடி எனக்கு, மீதி உங்க கண்ணுக்கு சார்!''

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் எம்.எஸ்.ஸையும் பட்டியலில் சேர்த்துவிட்டது. சட்டத்தில் இடம் கிடைத்தாச்சு. பஸ்ஸில் இடம் கொடுக்க வேண்டியது நீங்களும் நானும்தான்.