ஊர்வலம் எதுக்குங்கேன்?

செய்தித்தாளில் சென்னை வானவில் பேரணியின் படம் வந்த அன்று, களக்காட்டு டீக்கடையில் ஓர் அண்ணாச்சி சொன்னார்: “எப்படியும் இருந்துட்டுப் போகட்டும்யா, யாரு கேக்கா? ஊர்வலம் எதுக்குங்கேன்?” வாழைத்தார் ஏற்றிவிட்டு பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. இதை வெறுப்பு என்றால் அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிடும்.

கனடாவின் உளவியலாளர்கள் மெலனி மாரிசனும் டாட் மாரிசனும் 2002இல் வெளியிட்ட அளவுகோல் இந்தக் குரலைப் பிடிப்பதற்காகவே உருவானது. 1980களில் அமெரிக்காவின் கிரெகரி ஹெரெக் தயாரித்த கேள்விகள் நேரடியானவை. தன்பாலீர்ப்பு பாவமா, அருவருப்பா என்கிற ரகம். படித்தவர்கள் அதற்கெல்லாம் சுலபமாக ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுவார்கள். மாரிசன்கள் சுற்றி வளைத்தார்கள்: தன்பாலீர்ப்பாளர்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறார்களா? பாகுபாடெல்லாம் பழங்கதையா?

சோதனையும் வைத்தார்கள். சினிமா பார்க்க வந்தவர், தன்பாலீர்ப்பைச் சொல்லும் டி-ஷர்ட் போட்டவருக்குப் பக்கத்தில் உட்காரலாம், தள்ளியும் உட்காரலாம். இரண்டு பக்கமும் ஒரே படம் ஓடினால் விலகுவது காட்டிக்கொடுத்துவிடும். வேறு வேறு படம் என்றால் ‘எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்’ என்று சாக்கு சொல்லலாம். அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் அந்தச் சாக்கு கிடைத்தபோதுதான் நழுவினார்கள்.

நம்மூரில் பழைய வெறுப்பும் ஓய்ந்தபாடில்லை. குடும்ப எதிர்ப்புக்குத் தப்பிச் சேர்ந்து வாழ மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களின் வழக்கில், தன்பாலீர்ப்பு பற்றித் தனக்கே தெளிவில்லை என்று வெளிப்படையாக எழுதி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று, ‘குணப்படுத்தும்’ வைத்தியங்களுக்குத் தடை போட்டார். எந்தக் கேள்வித்தாளும் ஒருவரிடமிருந்து இவ்வளவு நேர்மையை வரவழைத்துவிடாது என்பது என் எண்ணம். அதே வழக்கின் தொடர்ச்சியாகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது: தன்பாலீர்ப்பாளர்கள் போன்றோரைத் துன்புறுத்தக் கூடாது. ஆனாலும் 2025 மே மாதம், தன்பாலீர்ப்பாளர் என்பதால் குடும்பம் அடைத்துவைத்த 25 வயதுப் பெண்ணை விடுவித்த உயர்நீதிமன்ற அமர்வு, போலீஸ் காட்டிய அலட்சியத்தைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

மாரிசன்களின் கேள்விகளைத் தமிழாக்கினால் மட்டும் களக்காட்டுக்குப் போதாது. நான் இரண்டைச் சேர்ப்பேன். சேர்ந்து வாழும் இரண்டு பெண்களுக்கு மாடி வீட்டை வாடகைக்கு விடுவீர்களா? ‘வேறொருத்தர் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க’ என்று சொல்ல வாய்ப்பிருந்தால்?