கண்ணாடியும் ரப்பரும் ஒரே சங்கிலியில்

பாலிஸ்டைரீன் சட்டென்று உடையும். பாலிபியூட்டாடையீன் இழுத்த இழுப்புக்கு வரும். முன்னது அறை வெப்பநிலையில் விறைத்த பிளாஸ்டிக். சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் இளகும். பின்னது ரப்பர், அது விறைக்கப் பூஜ்யத்துக்குக் கீழே 90 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். இவ்விரண்டையும் உருக்கிக் கலந்தால் ஒட்டாமல் பிரிந்துவிடும். அதனால் ஒரு சாண் மல்லி, ஒரு சாண் கனகாம்பரம் என்று கதம்பம் தொடுப்பதுபோல, ஒரே மூலக்கூற்றுச் சங்கிலியில் இரண்டையும் நீளம் நீளமாகக் கோத்துவிடுகிறார்கள். இதுதான் பிளாக் கோபாலிமர். சங்கிலியின் முனை செத்துப்போகாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் வினைமுறையை 1956இல் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் வெளியிட்ட பிறகே இப்படித் துல்லியமாகக் கோக்க முடிந்தது. ஷெல் நிறுவனம் 1965இல் கிராட்டான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த எஸ்.பி.எஸ். இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது. அதில் நடுவில் ரப்பரும் இரு முனைகளிலும் பாலிஸ்டைரீனும் இருக்கும். செருப்பு அடிப்பாகம், சாலைத் தார் என்று இன்று அது போகாத இடம் குறைவு.

கோத்துவிட்டதால் இரண்டும் விலகி ஓட முடியாது. ஆனாலும் ஒன்றுடன் ஒன்று கலப்பதில்லை. சில பத்து நானோமீட்டர் அளவிலேயே தனித்தனித் திட்டுகளாக ஒதுங்கிக்கொள்கின்றன. பாலிஸ்டைரீன் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்தால் ரப்பர் நடுவே சிறு உருண்டைகள். மூன்றில் ஒரு பங்கை நெருங்கினால் நீண்ட உருளைகள். சரிபாதி ஆனால் மாறி மாறி அடுக்குகள்.

சங்கிலியில் எத்தனை துண்டுகள் என்பதும் முக்கியம். இரண்டே துண்டுகள் என்றால் ரப்பரின் ஒரு முனை கட்டில்லாமல் தொங்கும். இழுத்தால் நழுவிவிடும், வலிமை இராது. மூன்று துண்டுகளில் ரப்பரின் இரு முனைகளும் பாலிஸ்டைரீன் திட்டுகளுக்குள் வேரூன்றுகின்றன. ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடும் சங்கிலிகளே சுமையைத் தாங்குகின்றன. கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்யாமலே ரப்பருக்கு உறுதி கிடைப்பது இதனால்தான்.

பொறியாளர்கள் யீல்டு என்று சொல்லும் நிலை, அதாவது மீட்சி எல்லை தாண்டிப் பொருள் விட்டுக்கொடுக்கும் நிலை, இந்த அமைப்பில் விசித்திரமாக நடக்கிறது. பாலிஸ்டைரீன் பாதிக்குச் சற்றுக் குறைந்த எஸ்.பி.எஸ். பட்டையை இழுவிசை எந்திரத்தில் மாட்டினால், முதல் சில விழுக்காடு திரிபு வரை அது பிளாஸ்டிக்கைப் போலவே முறைத்துக்கொண்டு நிற்கும். தகைவு செங்குத்தாக ஏறும். பிறகு ஓரிடத்தில் பட்டை ஒடுங்கிக் கழுத்து விழும். தகைவு ஏறாமலே அக்கழுத்து பட்டை முழுதும் பரவும். அதன்பின் அது ரப்பர். விட்டால் ஏறக்குறையப் பழைய நீளத்துக்கே திரும்பும். மறுபடி இழுத்தால் யீல்டைக் காணோம். தொடக்கத்திலிருந்தே மெத்தென்று இழுபடுகிறது.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தகேஜி ஹஷிமோட்டோ குழுவினர் 1970களில் இதன் காரணத்தைத் தெளிவாக்கினர். முதல் இழுப்பில் பாலிஸ்டைரீன் அடுக்குகள் மடங்கி, சறுக்கி, துண்டு துண்டாக நொறுங்கி ரப்பருக்குள் சிதறுகின்றன. தொடர்ச்சியாக இருந்த பிளாஸ்டிக் சட்டகம் போய், ரப்பர் ஆட்சிக்கு வருகிறது. அதே பட்டையைச் சூடாக்கி ஆறவிட்டால் துண்டுகள் மீண்டும் இணைந்து யீல்டு திரும்பிவிடும். உலோகத்தில் யீல்டு நிரந்தரச் சேதம். இங்கே அது ஆறும் காயம்.

எந்தத் திசையில் இழுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பிரிஸ்டலில் ஆண்ட்ரூ கெல்லர் குழு 1970 வாக்கில், உருளைகள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்த எஸ்.பி.எஸ். மாதிரியை உருவாக்கியது. உருளைகளின் நீளவாக்கில் அதன் விறைப்பு, குறுக்குவாக்கில் இருப்பதைவிட ஏறத்தாழ 100 மடங்கு. பொருள் ஒன்றே, விகிதமும் ஒன்றே. நீளவாக்கில் இழுத்தால் உருளைகள் உடைந்து கழுத்து விழுகிறது. குறுக்கே இழுத்தால் ரப்பர் மட்டுமே நீள்கிறது. உருளைகளுக்குப் பதில் அடுக்குகள் உள்ள மாதிரியை அடுக்குகளுக்குச் செங்குத்தாக இழுக்கும்போது அவை உடையாமல் கோணல்மாணலாக மடிந்து நெளிகின்றன. எம்.ஐ.டி.யில் எட்வின் தாமஸ் குழு படம்பிடித்த காட்சி இது.

அடுக்கின் தடிமனிலும் ஒரு வியப்பு உண்டு. தனிப் பாலிஸ்டைரீன் இரண்டு மூன்று விழுக்காடு நீண்டாலே நுண்பிளவு விட்டு உடையும். அதே பாலிஸ்டைரீன் சுமார் 20 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்காக, இருபுறமும் ரப்பர் சூழ இருந்தால் பிளவு விடாமல் சீராக நீள்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் கோயர்க் மிக்லர் குழு நட்சத்திர வடிவ பிளாக் கோபாலிமர்களில் இதைக் கண்டது. உடையக்கூடியது என்று நாம் சொல்வது பொருளின் குணம் மட்டும் அல்ல, அளவின் குணமும்கூட என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தயாரிப்பு முறையும் தன் பங்கைச் செய்கிறது. பாலிஸ்டைரீனை நன்றாகக் கரைக்கும் கரைப்பானிலிருந்து படலம் வார்த்தால் பிளாஸ்டிக் பகுதி தொடர்ச்சியாக அமைந்து யீல்டு தெரியும். ரப்பரை நன்றாகக் கரைப்பதிலிருந்து வார்த்தால் படலம் மென்மையாக அமையும். ஆகவே பிளாக் கோபாலிமருக்கு யீல்டு மதிப்பு என்று ஒற்றை எண்ணைத் தரும் தரவுத்தாளை அப்படியே நம்பக்கூடாது. மாதிரி எப்படி வார்க்கப்பட்டது, எந்தத் திசையில் இழுக்கப்பட்டது, அது முதல் இழுப்பா என்ற மூன்றையும் கேட்டுவிட்டே அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.