உங்களுக்குத் தெரியுமா? சிறுவாணிச் சாலையில் ஈழத்து ஊர்

கோவை ஆலாந்துறைப் பக்கம் பூலுவபட்டி, பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு, கோட்டூர், ஈரோட்டில் பவானிசாகர், அறச்சலூர்: கொங்கு மண்ணில் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ள ஊர்களில் சில இவை. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலையலையாகக் கடல் தாண்டி வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இங்கே வாழ்கிறார்கள். நம் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனவர் முகாம்காரராக இருந்திருக்கலாம். அந்த வேலையில் அவர்களில் பலர் கைதேர்ந்தவர்கள்.

2021-இல் தமிழ்நாடு அரசு, இந்த முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது; இங்கே வாழ்பவர்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000-இலிருந்து 1,500 ரூபாயானது. இன்றைய விலைவாசியையும் பள்ளிச் செலவையும் பார்த்தால் இது போதாது என்பது யாருக்கும் புரியும்.

இந்த அகதிகளுக்காக 1984-இல் ஈழத்தமிழரான சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நடத்துவதே பெரும்பாலும் அகதிகள்தான். கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவினை அங்கே செல்லாது.

உதவ நினைப்பவர்கள் பழைய துணி மூட்டையோடு கிளம்ப வேண்டாம். என்ன தேவை என்று முதலில் கேளுங்கள்: கல்லூரிக் கட்டணமா, மாலை நேரப் பாடமா, வேலையா? முகாமுக்குள் செல்ல அரசின் அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.