சந்தனமும் கொலஸ்ட்ராலும் பிரியும் இடம்

ஜவ்வாது மலைச் சந்தன மரத்தின் வைரத்தில் மணக்கும் எண்ணெயும், நம் கல்லீரல் ஓயாமல் உண்டாக்கும் கொலஸ்ட்ராலும் ஒரே மூலக்கூறிலிருந்து பிறப்பவை. அதன் பெயர் ஃபார்னசைல் பைரோபாஸ்பேட். ஐந்து கார்பன் துண்டுகள் மூன்றை அடுத்தடுத்து ஒட்டிய 15 கார்பன் சங்கிலி. ஒரு நுனியில் இரண்டு பாஸ்பேட். செல் இதைச் சேமித்து வைப்பதில்லை. உண்டான வேகத்தில் செலவாகிவிடும்.

சந்தன மரத்தில் ஒரு நொதி இந்தச் சங்கிலியைத் தன் குழிக்குள் வாங்கி, பாஸ்பேட்டுகளைக் கழற்றுகிறது. போன இடத்தில் நேர்மின்சுமை மிஞ்சும். அந்தச் சுமையோடு நிலைக்க முடியாத கார்பன், அருகில் வரும் இரட்டைப் பிணைப்பைப் பற்றிக்கொள்ளும். எது அருகில் வரும் என்பதைத் தீர்மானிப்பது குழியின் வடிவம்தான். தண்ணீர் புகுந்தால் வினை பாதியில் முடிந்துவிடும்; ஆகவே குழி மூடிக்கொள்ளவும் செய்கிறது. சங்கிலி மடிந்து வளையங்களாகிறது. பிறகு வேறொரு நொதி ஆக்சிஜன் ஏற்ற, சந்தன மணம் பிறக்கிறது. வெட்டிவேரின் நொதியில் குழி வேறு வடிவம், அதனால் வாசனையும் வேறு. சீனத்து ஆர்டிமிசியா செடியில் இதே சங்கிலி மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் ஆகிறது. அதைக் கண்டறிந்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்லீரலோ இரண்டு சங்கிலிகளின் பாஸ்பேட் நுனிகளைப் பொருத்தி, 30 கார்பன் கொண்ட ஸ்குவாலீனை ஆக்குகிறது. சுறாவின் ஈரல் எண்ணெயில் மிகுந்திருப்பது இதுவே. அதில் ஓர் ஆக்சிஜன் அணு ஏறியதும், ஒற்றை நொதி நான்கு வளையங்களையும் ஒரே மூச்சில் கட்டிவிடுகிறது. உயிர்வேதியியலில் என்னை மிகவும் மலைக்க வைக்கும் படி இது. பல திருத்தங்களுக்குப் பின் 27 கார்பன் கொலஸ்ட்ரால். அதிலிருந்து பித்த அமிலங்கள், கார்டிசால், பாலின ஹார்மோன்கள். கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையைத் துலக்கிய கான்ராட் பிளாக்கும் ஃபியோடர் லைனனும் 1964இல் நோபல் பெற்றார்கள்.

மடிக்காமல், பொருத்தாமல் அப்படியே பயன்படுத்துவதும் உண்டு. செல் இந்தச் சங்கிலியைச் சில புரதங்களின் முனையில் ஒட்டிவிடும். எண்ணெய்த்தன்மையுள்ள அந்த வால், புரதத்தைச் சவ்வில் பிடித்து நிறுத்தும். உட்கரு உறைக்குரிய லாமின் ஏ புரதம் முதிரும்போது வால் வெட்டப்பட வேண்டும். ப்ரொஜீரியா என்ற அரிய நோயில், மரபணுப் பிழையால் வெட்ட வேண்டிய இடமே புரதத்தில் இல்லாமல் போகிறது. வால் ஒட்டியே நிற்க, குழந்தைகளுக்கு முதுமையின் தோற்றமும் இரத்தக்குழாய் நோயும் வந்துவிடுகின்றன. சங்கிலி ஒட்டுவதையே தடுக்கும் லோனாஃபார்னிப் மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயை அது குணமாக்காது. அந்தக் குழந்தைகளின் ஆயுளை நீட்டித்துத் தருகிறது.